நாலாகப் பிரித்து வாசித்த புத்தகங்கள்

போன வியாழக்கிழமை பின்னேரம் என் மகள் கடலில் இறங்கப் போகிறாள் என்று நான் நம்பினேன். அவள் ரியூஷனுக்குப் போயிருந்தாள். கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருந்தாள். அது ஏதோ சத்தம் போட, எடுத்துப் பார்த்தேன். "இனி அந்த வீட்டுக்கு என்னால் திரும்ப முடியாது. அம்மாவுக்கு என் முகம் மறந்து போகட்டும். எனக்குக் கடல்தான் மிச்சம்" என்று திரையில் இருந்தது. நான் வாசித்தது அவ்வளவுதான். ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் அவளுடையதுமாக உட்துறைமுக வீதி வரைக்கும் ஓடி, அங்கே ஓர் ஓட்டோவை மறித்து, டச்பே கடற்கரைக்குப் போனேன். அங்கே, ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு ஐஸ்கிரீம் கடதாசியை நக்கிக்கொண்டு நின்றன. மகளைக் காணவில்லை. அவள் ரியூஷன் வாசலில் தோழியுடன் நின்று இறால் வடை தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் மேலை தள்ளிப் பாத்திருக்கலாமே," என்றாள். "அதைச் சொல்லுறது பேய். பேய் ஏற்கெனவே செத்துப்போச்சு."

அது அவள் கிழமைக்கிழமை கைபேசியில் வாசிக்கும் ஆவிக்கதைத் தொடராம். அவள் சிரித்துவிட்டாள்.

இதை, நாம் சேர்ந்து படித்த வகுப்பின் கைபேசிக் குழுவில் எழுதினேன். நீங்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னீர்கள். கூடவே புத்தியும் சொன்னீர்கள். ஆவிக்கதை, காதல்கதை, கொலைக்கதை எல்லாவற்றையும் பிள்ளையின் கைபேசியிலிருந்து அழித்துவிடு, இந்தக் கதைகள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்றீர்கள். குழுவில் பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். கதைகளால் யார் கெட்டார்கள் என்பதை ஒருமுறை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கெட்டது பிள்ளைகள் அல்ல.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. ரீச்சராக இருந்த அம்மாவை மூதூரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். என்னைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாததால் அம்மா என்னையும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வருடம் நான் தினமும் லோஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், கொட்டியாரக் குடாவைக் கடந்து படித்தவள். நீங்கள் எல்லோரும் திருகோணமலையிலேயே இருந்து ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அது.

லோஞ்சில் டீசல் மணமும் கருவாட்டு மணமும் கலந்து இருக்கும். வெங்காயச் சாக்குகள், கால் கட்டிய கோழிகள், தோப்பூருக்குப் போகும் வியாபாரிகள், அவர்களின் மடித்த குடைகள். எனக்கு வாந்தி வராமல் இருக்க அம்மா ஒரு தேசிக்காயைக் கையில் தருவார். அந்த எலுமிச்சையை முகர்ந்து முகர்ந்து, இறங்குமுன் அது சூடாகி நசுங்கிவிடும். பின்பக்கத்தில், தறப்பாள் நிழலில் ஒரு நீளப் பலகை. அது ரீச்சர்மாரின் பலகை. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வேறு யாரும் அதில் இருப்பதில்லை.

அங்கே நாலு பேர் இருந்தார்கள். உப அதிபராக இருந்த பெரிய ரீச்சர், தையல் ரீச்சர், வேலைக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத சின்ன ரீச்சர், கடைசியாக இடமாற்றத்தில் வந்து சேர்ந்த என் அம்மா. நாலு பேருக்கும் கதைப்புத்தகப் பைத்தியம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த கடைக்கு இந்தியாவிலிருந்து நாவல் கட்டு எப்போதாவதுதான் வரும். இவர்கள் லோஞ்சால் இறங்கிப் போகும்போது ஒரு பிரதி மிஞ்சியிருந்தாலே அதிசயம். ஒருவர் வாசித்து முடிக்கும் வரைக்கும் மற்ற மூன்று பேரும் பொறுப்பதாவது! ஆகவே தையல் ரீச்சர் அந்தப் புத்தகத்தைப் பிளேட்டால் முதுகில் கீறி நாலாகப் பிரிப்பார். ஒவ்வொன்றையும் கறுப்பு நூலால் தைத்துப் பழைய கலண்டர் தாளில் மட்டை போடுவார். ஆளுக்கு ஒரு பாகம். திங்கட்கிழமை காலையில் கைமாறும்.

இதில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரிய ரீச்சருக்கு முதற்பாகம். தையல் ரீச்சருக்கு இரண்டாவது. சின்ன ரீச்சருக்கு மூன்றாவது. அம்மாவுக்குக் கடைசி. அந்த ஒழுங்கிலேயே சுற்றி வரும். அதாவது கதையை எழுதிய ஒழுங்கில் வாசித்தவர் பெரிய ரீச்சர் மட்டும்தான். என் அம்மா எந்தக் கதையையும் முடிவிலிருந்துதான் தொடங்கினார். அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டி வாசித்ததால் நானும் அப்படியே.

ஆகவே கதைகளைப் பற்றிய என் அபிப்பிராயங்கள் எல்லாம் கொஞ்சம் தலைகீழானவை. உங்களுக்குச் சொல்கிறேன். துப்பறியும் கதையைக் கடைசியிலிருந்து வாசித்தால் கெட்டுப்போகும் என்பார்கள். அப்படியல்ல. கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு முதற்பாகத்தை வாசிக்கும்போது, அவன் எல்லோருக்கும் உட்காரக் கதிரை இழுத்துப் போடுவதும், செத்தவரின் மனைவிக்குத் தண்ணீர் கொடுப்பதும் எவ்வளவு பயங்கரமாக இருக்கும் தெரியுமா? பேய்க்கதை கடைசியிலிருந்து பயம் தராது. பேய் போய்விட்டிருக்கும், எல்லோரும் கோயிலில் நிற்பார்கள். ஆனால் முன்னும் பின்னும் இல்லாமல் இரண்டாம் பாகத்தை மட்டும் வாசித்தால் இரவில் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போக ஏலாது. ராசா ராணிக் கதைகளில் எந்தப் பாகத்தை எப்போது வாசித்தாலும் ஒன்றுதான். மூன்றாம் பாகத்தில் கட்டாயம் ஒரு சுரங்கப்பாதை இருக்கும், அதில் ஒரு குதிரை போகும், குதிரை எப்படி உள்ளே இறங்கியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெரிய ரீச்சருக்கு அவைதான் உயிர்.

ஒருமுறை விஞ்ஞானக் கதை ஒன்று வந்தது. மனிதனைப் போல ஓர் இயந்திரம். அது ஒரு பெண்ணைக் காதலிக்கிறது.

"எல்லாம் சரி," என்றார் தையல் ரீச்சர். "அந்த இயந்திரத்துக்கு அளவெடுத்துக் காற்சட்டை தைச்சுக் குடுத்தது ஆர்? அதை எழுதேல்லையே!"

"கதையிலை கேள்வி கேக்கக்கூடாது," என்றார் பெரிய ரீச்சர்.

"அப்ப நீங்கள் மட்டும் ஏன் போன கதையிலை அந்தப் பெட்டை பொட்டு வைக்கேல்லை எண்டு சண்டை பிடிச்சனீங்கள்?"

"அது குடும்பக் கதை. குடும்பக் கதையிலை எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு."

இதைச் சொல்லி அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். குடும்பக் கதையில் பெண் தலை குனிந்தால் காதல். பொட்டு வைக்க மறந்தால் துயரம். சாப்பாட்டைத் தள்ளி வைத்தால் இரகசியம். நாலு பேரும் அதிகமாக வாசித்தது இந்த வகையைத்தான். நானும் வாசித்தேன், இப்போதும் கிடைத்தால் வாசிப்பேன். ஆனால் எல்லா வகையிலும் ஆபத்தானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். பேய்க்கதையை வாசித்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டுக்காரரைப் பேய் என்று சொல்வதில்லை.

சின்ன ரீச்சர் லிங்கநகர்ப் பக்கம் இருந்து வருபவர். மெலிந்தவர், வேகமாகச் சிரிப்பார். அவருடைய அப்பா பெண்பிள்ளை வேலைக்குப் போவதை விரும்பாதவர். மூதூருக்கு, அதுவும் கடல் தாண்டி. "ஒரு பழுதான கதை என் காதிலை விழட்டும், அண்டைக்கே நிப்பாட்டுவன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாராம். கலியாணமும் பேச்சில் இருந்தது. சின்ன ரீச்சருக்குக் கலியாணம் நடந்தாலும் சரி நடக்காவிட்டாலும் சரி. வேலை நிலைக்க வேண்டும். அதை என்னிடமே சொல்லியிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதென்றால் அவருக்கு அது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஒருநாள் இடைவேளையில் பள்ளிக்கூடக் கிணற்றடியில் நானும் அவரும் நின்றோம். கதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கை ஒருமுறை வெட்டி இழுத்தது. கையிலிருந்த கோப்பை விழுந்தது. மெதுவாக நிலத்தில் இருந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"பயந்திட்டியோ? எனக்கு வலிப்பு வாறது. குளிசை போட்டால் வராது. நேற்றுப் போட மறந்திட்டன், அதுதான்."

"விழுந்தால் என்ன செய்யிறது ரீச்சர்?"

"சரிச்சுப் படுக்க வை. வாயிலை ஒண்டும் திணிக்கக்கூடாது. ஆரும் கையிலை சாவியோ கத்தியோ வைக்க ஓடிவந்தால், இரும்பு வேண்டாம், ஒரு தலையணை தாங்கோ எண்டு சொல்லு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதற்குப் பிறகு நான் கவனித்தேன். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் எங்களுக்கு முன்னால் விரைந்து நடப்பார். ஆஸ்பத்திரிப் பக்கத்து வாசலில் டிஸ்பென்சர், அதாவது மருந்து கொடுப்பவர், நிற்பார். மூதூர் ஆள், முஸ்லிம், இளம் வயது. அந்த நேரத்தில் மருந்து யன்னல் பூட்டியிருக்கும். திறக்கும் மட்டும் நின்றால் லோஞ்ச் போய்விடும். அதனால் அவர் குளிசையைப் பொட்டலமாகக் கட்டி வெளியே கொண்டுவந்து கொடுப்பார். திருகோணமலை ஆஸ்பத்திரியில் எடுத்தால் வரிசையில் நிற்கும் பாதிப்பேர் சின்ன ரீச்சரின் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். வீட்டில் அவருடைய அம்மாவுக்கு மட்டும்தான் இந்த வருத்தம், இந்த வலிப்பு நோய், தெரியும்.

பொட்டலம் கைமாறுவதைப் பின்னால் நடந்து வந்த மற்ற மூன்று ரீச்சர்மாரும் கண்டார்கள். கண்டதை விடுங்கள், அதையும் ஒரு கதையாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சின்ன ரீச்சர் வராத ஒரு நாள். கச்சான் காற்று தறப்பாளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமையெண்டால் தலையை நல்லாய் இழுத்துப் பின்னிக்கொண்டு வாறாள்," என்றார் பெரிய ரீச்சர்.

"பொட்டலத்தை உடனை பைக்குள்ளை வைக்கிறாள். எங்களுக்குக் காட்டிறேல்லை," என்றார் தையல் ரீச்சர்.

"வாங்கேக்கை சிரிக்கிறாளே, அதைக் கண்டீரோ? தலையைக் குனிஞ்சு சிரிக்கிறாள். தலையை நிமித்திச் சிரிச்சாலும் பரவாயில்லை."

"எனக்கு இதின்ரை முடிவு தெரியும்," என்றார் என் அம்மா. "ஒருநாள் லோஞ்சிலை ஆள் வராது. வீட்டிலை ஒரு துண்டுக் கடதாசி இருக்கும்."

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். முடிவை அம்மா சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

நான் தேசிக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "அம்மா, அது வலிப்புக் குளிசை. சின்ன ரீச்சருக்கு வலிப்பு வாறது."

தையல் ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீரே, உம்மடை மகள் மர்மக்கதை எழுதுவாள்."

"கதை கட்டாதை," என்றார் அம்மா. "ஆரைப் பற்றியும் அப்பிடி இல்லாத வருத்தம் சொல்லக்கூடாது. பாவம். கலியாணம் பேசிற பிள்ளை."

இதை நான் பல தடவை திருப்பி யோசித்திருக்கிறேன். இல்லாத வருத்தம் சொல்வது பாவம் என்று தெரிந்த என் அம்மாவுக்கு, இல்லாத காதலைச் சொல்வது பாவமாகப் படவில்லை. அம்மா கெட்டவர் அல்ல. அவர் வாசித்த கதைகளில் காதல் நிறைய வந்தது. வலிப்பு ஒன்றிலும் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய ரீச்சர் பழப்பையோடு லிங்கநகருக்குப் போனார். பிள்ளையின் நன்மைக்காக. சின்ன ரீச்சரின் அப்பாவுடன் விறாந்தையில் இருந்து கதைத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை சின்ன ரீச்சர் லோஞ்சுக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வருத்தம் என்று பள்ளிக்கூடத்துக்கு அறிவித்திருந்தார்கள்.

"நேரத்துக்குச் சொன்னது நல்லதாய்ப் போச்சு," என்றார் பெரிய ரீச்சர். பிறகு கொஞ்சம் யோசித்து, "மூண்டாம் பாகம் அவளிட்டை எல்லோ நிண்டு போச்சு," என்றார்.

நான் இதைக் கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த கிழமை முழுவதும் பலகையில் பேச்சு அந்த மூன்றாம் பாகத்தைப் பற்றித்தான். அது ஒரு ராசா கதை. இளவரசியை யார் கடத்தினார்கள் என்று தெரியாமல் பெரிய ரீச்சர் துடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாகம் வாசித்திருந்த அம்மாவிடம் கேட்டால் அம்மா சொல்லியிருப்பார், ஆனால் கேட்பது விதிக்கு மாறானது. கடைசியில் பெரிய ரீச்சர் அம்மாவைப் பார்த்தார்.

"நீர் ஒருக்காப் போய் வாங்கி வாரும். நான் இப்பதான் போய்ச் சொல்லிப்போட்டு வந்தனான். திரும்பப் புத்தகத்துக்குப் போனால் வடிவில்லை."

சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்தது சின்ன ரீச்சரின் அம்மா. விறாந்தையில் அவருடைய அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தார், இறக்கவில்லை. எங்களை உள்ளே குசினிக்குக் கூட்டிப் போனார்கள்.

சின்ன ரீச்சர் பலகைக்கட்டையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய கட்டு. உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. கையில் மந்திரித்த கறுப்பு நூல். கத்தியை அவரிடம் கொடுக்காமல் கையால் உரிக்க விட்டிருந்தார்கள்.

"கிணத்தடியிலை விழுந்திட்டாள்," என்றார் அவருடைய அம்மா. குரல் அடங்கி வந்தது. "குளிசை முடிஞ்சு போச்சு. எடுக்கப் போக விடேல்லை. என்ன குளிசையெண்டு நான் அவரிட்டை எப்பிடிச் சொல்லுறது? கலியாணப் பேச்சு நடக்குது. சொல்லாமல் விட்டன். பிறகு இவள் விழுந்தாள். இப்ப எல்லாருக்கும் தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சின்ன ரீச்சரைப் பார்த்தேன். சின்ன ரீச்சர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "மூண்டாம் பாகம் அலுமாரிக்கு மேலை இருக்கு ரீச்சர், எடுத்துக்கொண்டு போங்கோ," என்றார். "நான் முடிச்சிட்டன்."

அம்மா அதை எடுக்காமல் வெளியே வந்தார். வீதியில் வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். டிஸ்பென்சர் மருந்து யன்னலில் நின்றார். சின்ன ரீச்சரின் பெயரைச் சொன்னதும் பதறிவிட்டார்.

"எங்க ரீச்சர் அவ? ரெண்டு வெள்ளியா ஆளக் காணல்ல. குளிசய இடயில நிப்பாட்டக் கூடாதுண்டு செல்லித்தானே குடுத்த. வீட்டுல என்ட பொஞ்சாதியும் கேக்குறா, அந்தப் புள்ளைக்கு என்ன நடந்ததுண்டு."

அம்மா என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். அவரைப் பற்றியும்தானே கதைத்திருந்தார்கள். கையெழுத்து வைத்துக் குளிசையை வாங்கிக்கொண்டு நேரே லிங்கநகருக்குப் போய்க் கொடுத்தார். விறாந்தையில் இருந்த அப்பாவுக்கு முன்னால் நின்று, "நாங்கள் சொன்னது பிழை. அந்தப் பொட்டலம் இதுதான்," என்றார். அவர் பேப்பரை இறக்கினார்.

கலியாணப் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அவருடைய அப்பா வேலைக்கு விடவில்லை. லோஞ்சில் விழுந்தால் யார் தூக்குவது என்றார். "கலியாணமும் இல்லை, வேலையும் இல்லையெண்டால் அவள் இந்த வீட்டிலை என்ன செய்யிறது, சொல்லுங்கோ" என்று அவருடைய அம்மா ஒருநாள் எல்லோருக்கும் கேட்கக் கேட்டாராம். அதற்குப் பிறகு அப்பா தடுக்கவில்லையாம்.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கரடுமுரடாகிய நாட்களில் சின்ன ரீச்சர் லோஞ்சுக்கு வந்தார். நெற்றியில் தழும்பு. பின்னல் வழக்கம் போல இழுத்துக் கட்டியிருந்தது. பெரிய ரீச்சர் அவசரமாக நகர்ந்து பலகையில் இடம் விட்டார்.

"இதிலை வந்து இரும் பிள்ளை. நல்ல கதை ஒண்டு வந்திருக்கு."

"இல்லை ரீச்சர், நான் இஞ்சாலை இருக்கிறன். இதிலை காத்து வருது."

அவர் முன்பக்கம் போய், வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே, கோழிக்காரப் பெண்களோடு இருந்துகொண்டார். காற்று எல்லா இடத்திலும்தான் அடித்தது. தையல் ரீச்சர் எதையோ தைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

குடாவின் நடுவுக்கு வந்தபோது அம்மா எழுந்தார். லோஞ்ச் ஆடியது. கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். நானும் போனேன். சாக்கில் சாய்ந்து நின்றபடி அம்மா கேட்டார்.

"இப்ப எத்தினை தரம் குளிசை போடுறனீர்?"

"காலமையும் இரவும்."

"சாப்பாட்டுக்கு முன்னமோ?"

"சாப்பிட்டிட்டு."

"விழுந்தால் என்ன செய்யிறது எண்டு மகள் சொன்னவள். எனக்கும் ஒருக்கால் சரியாச் சொல்லும்."

சின்ன ரீச்சர் சொன்னார். சரித்துப் படுக்க வைப்பது, கழுத்தில் இறுக்கமாக ஏதும் இருந்தால் தளர்த்துவது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

"முதலே கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் ரீச்சர். உங்களிட்டை நான் மறைக்கேல்லை. நீங்கள் ஒருதரும் கேக்கேல்லை."

பின்னாலிருந்து பெரிய ரீச்சர் கூப்பிட்டார், உம்மடை பாகத்தை இஞ்சை விட்டிட்டுப் போட்டீர் என்று. "இருக்கட்டும்," என்றார் அம்மா. திரும்பிப் போகவில்லை. அப்படியே நின்றார். ஓர் அலை வந்து முன்பக்கம் முழுவதையும் நனைத்தது, கோழிகள் கத்தின. மூன்று பேருக்கு அங்கே இடம் போதாது. சின்ன ரீச்சர் பக்கத்திலிருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்தார்.